நினைத்ததை நினைத்ததாகச் சொன்னவர்

பதுளைக் கோர்ட்டில் சாட்சிகளின் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும் துபாஷி அவர். ஒல்லி உடம்பு, வெளுத்துப்போன கோட்டு. சாட்சி பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

தேயிலை ஸ்டோருக்குத் தீ வைத்தேன் என்று என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி சாட்சி. "இவருதான் வெச்சாருன்னு நெனைக்கிறேங்க" என்றாள். எங்கள் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி எதைச் சொன்னாலும், நாங்கள் குடியிருக்கும் லயமே அதற்குச் சாட்சி சொல்லும். கேடுகெட்ட வழக்கம்.

துபாஷி அதை மாற்றிச் சொன்னதும் தோட்டத்து வக்கீல் குதித்தான். "கண்ணால கண்டவள் எண்டு சொல்லுமையா!"

"நெனைக்கிறேன்னுதானே சொன்னா" என்றார் துபாஷி.

நீதவான் அவளையே கேட்கச் சொன்னார். துபாஷி அவளிடம் திரும்பினார். "நீ பாத்தியா ஆத்தா?"

"நான் எங்கங்க பாத்தேன்? கங்காணி சொன்னாரு."

என்னை விட்டுவிட்டார்கள். வாசலில் துபாஷியின் காலில் விழுந்தேன். "காப்பாத்திட்டீங்க சாமி!"

"எந்திரி. நீதான் வெச்சேன்னு நானும் நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் வைக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மனதில் அப்படி நினைத்துக்கொண்டே, அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் நின்றாரே, அப்படியொரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.