நள்ளிரவில் வெயில் அடித்த புகைப்படம்

நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்றது. அதுகூடப் பரவாயில்லை. நானும் அதை நம்பினேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ஸ்வெட்டர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி, நான். முதலாளி பல வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். மலையில் இருக்கும் சின்னச் சின்ன காட்டேஜ்களை எல்லாம் ஒரே வெப்சைட்டில் போட்டால் ஊரே நம்மைத் தேடி வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேனை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். நான் பழனிக்காரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வேலைக்காக மலையேறியவள். செண்பகனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, டவுன் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குக் கம்ப்யூட்டர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. காலையில் வந்ததும் மானிட்டருக்கு ஊதுபத்தி காட்டுவார். புகை உள்ளே போனால் கெட்டுவிடும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"இந்தக் குளிருல அதுக்கும் கொஞ்சம் சூடு வேணும்ல, விடும்மா" என்றார்.

ஒரு சீசனில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டது. வெப்சைட்டில் ஒரு காட்டேஜின் முன்னால் ரோஜாத் தோட்டம் இருந்ததாம். நேரில் போனால் அந்த இடத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. படம் பொய்யில்லை, ஆனால் பழையது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, வேறு இடம் பிடித்துக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் இறங்கிப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, படம் புதுசா பழசான்னு கம்ப்யூட்டரு சொல்லாதா?"

"சொல்லும் சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏறிய கர்வம் இறங்கச் சில வாரங்கள் ஆயின.

எங்கள் வெப்சைட் பிஎச்பி என்ற மொழியில் எழுதப்பட்டது. காட்டேஜ்காரர்கள் தங்கள் படங்களை அவர்களே ஏற்றலாம். பெயரின் கடைசியில் 'ஜேபிஜி' என்று இருந்தால் அதைப் படம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அதுவரை இருந்தது. ஆனால் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு ஃபைல் உண்மையில் என்ன வகை என்பது அதன் வயிற்றுக்குள், ஆரம்பத்தில் இருக்கும் சில எழுத்துகளில் எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்த்துச் சொல்ல பிஎச்பியில் ஒரு கட்டளை உண்டு. அதோடு, டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, மணி, கேமராவின் மாடல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். அதை வாசிக்க இன்னொரு கட்டளை. இரண்டையும் சேர்த்து எழுதினேன். படம் அல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய படமும் வரக் கூடாது. வந்தால் சிவப்பு எழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வரும். முதலில் 'ஏற்க இயலவில்லை' என்றுதான் போட்டிருந்தேன். அதில் மிடுக்குப் போதவில்லை என்று மாற்றினேன்.

புரோகிராமின் கையில் முதலில் மாட்டியவர் வில்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அக்கா சின்ன வயதிலிருந்து கேரட், பூண்டு என்று கூலிக் காட்டு வேலை செய்தவர். கணவர் கொத்தனார். இருவரும் சேர்ந்து தங்கள் இடத்திலேயே இரண்டு அறை கட்டி, 'தெளிவான நாளில் ஜன்னலிலிருந்து பழனி மலை தெரியும்' என்று எங்களிடம் நேரில் வந்து விளம்பரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழனியில் பிறந்தவளுக்குத் தெரியாத பழனி மலையா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

படத்தைக் கடைத்தெரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஏற்றினார்கள். புரோகிராம் நிராகரித்தது. கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"தங்கச்சி, நாந்தேன் வில்பட்டி அக்கா பேசுறேன். என்னமோ செவப்பா எழுதி வருதாம்ல?"

"அக்கா, நீங்க அனுப்புனது படம் இல்ல. வேர்டு ஃபைல்."

"படந்தேன் அது. நானே கண்ணால பாத்தேன். வீடு தெரியுது, ஜன்னல் தெரியுது, எங்க வீட்டுக்காரரு சட்டை கொடியில தொங்குறது கூடத் தெரியுது."

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பிரவுசிங் சென்டர்காரர் படத்தை வேர்டில் ஒட்டி, கீழே 'நல்வரவு' என்று பூ வைத்த எழுத்தில் எழுதி, எங்கள் வெப்சைட் ஜேபிஜி கேட்கிறதே என்று ஃபைல் பெயரின் வாலை வெட்டி ஜேபிஜி என்று ஒட்டவைத்திருக்கிறார். என் புரோகிராம் வாலைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மானிட்டரை ஒரு மருமகனைப் பார்ப்பதுபோல் பெருமையாகப் பார்த்தார்.

"அக்கா, கேமராவுல இருக்குற கார்டையே எடுத்துட்டு வந்துருங்க" என்றேன்.

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டார். தலையில் மப்ளர், கையில் ஒரு பை. பையில் எனக்கும் முதலாளிக்குமாகப் பேரிக்காய். கார்டைப் போட்டேன். படங்கள் நன்றாகவே இருந்தன. சுத்தமான நீல வானம், சுண்ணாம்பு மணம்கூட வரும்போலப் பளிச்சென்ற சுவர், கொடியில் சட்டை. இந்த முறை வயிறும் சரி, வாலும் சரி. ஏற்றினேன்.

நிராகரிக்கப்பட்டது.

எடுத்த தேதி: 2002, ஜனவரி 1.

எனக்குள் இருந்த போலீஸ்காரி எழுந்து நின்றாள். "அக்கா, இது நாலு வருசத்துக்கு முன்னாடி எடுத்த படம்" என்றேன்.

"இல்லீங்க. போன மாசம் எடுத்தது."

"உள்ள தேதி இருக்கு அக்கா. கேமராவே எழுதி வைக்கும். அதை நாம மாத்த முடியாது." மாற்ற முடியும் என்பது எனக்கே தெரியும். பேச்சு வேகத்தில் வந்துவிட்டது.

முதலாளி நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கம்ப்யூட்டரு பொய் சொல்லாது தாயி" என்றார், ரொம்ப வருத்தத்தோடு, டாக்டர் கெட்ட செய்தி சொல்வதுபோல.

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து ரெண்டுலயா? அப்ப நான் பூம்பாறையில பூண்டுக்குக் களை எடுத்துக்கிட்டுக் கெடந்தேன். அந்த எடத்துல வீடு ஏது? வெறும் முள்ளுக்காடு. போன வருசந்தேன் கூரையே போட்டோம். கட்டாத வீட்ட நாலு வருசம் முந்தியே படம் பிடிக்கிற கேமராவா இருந்தா, அத வச்சு நான் ஏன் ரூம் வாடகைக்கு விடுறேன்? ஜோசியம் பாக்கப் போயிருவேன்ல?"

முதலாளி தொண்டையைச் செருமினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணி போட்டுருக்கா அதுல?" என்று கேட்டார் அக்கா.

போட்டிருந்தது. தேதியைப் பார்த்த வேகத்தில் மணியை நான் பார்க்கவே இல்லை.

"பன்னெண்டு மூணு" என்றேன்.

"பகலா, ராத்திரியா?"

"...ராத்திரி."

அக்கா மெல்ல எழுந்து வந்து, திரையில் இருந்த நீல வானத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு எங்க ஊருல இப்பிடித்தேன் வெயில் அடிக்கும் தங்கச்சி. அதுக்குத்தேன் டூரிஸ்ட்டுக்காரவுக வர்றாக."

முதலாளி சிரித்துவிட்டார். முதலில் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஸ்வெட்டர் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கீழேயிருந்து சத்தம் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார். என் காது மட்டும் அந்தக் குளிரிலும் சுட்டது.

அந்தக் கேமரா அக்காவின் கொழுந்தனுடையது. பழையதாக வாங்கியது. சும்மா கிடந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்களாம். திரும்பப் போடும்போது கேமரா எல்லாவற்றையும் மறந்து, புதிதாகப் பிறந்ததுபோல 2002 ஜனவரி முதல் தேதி நள்ளிரவிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். போட்ட மூன்றாவது நிமிஷத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். கார்டில் இருந்த மற்றப் படங்களைத் திறந்து பார்த்தேன். கொழுந்தனின் கல்யாணம், குழந்தையின் மொட்டை, ஊர்த் திருவிழா எல்லாமே அதே நள்ளிரவில் நடந்து முடிந்திருந்தன.

மன்னிப்புக் கேட்டேன். "அட விடு, அதுக்கென்ன? பேரிக்காய வெரசாத் தின்னு, கனிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்று திரும்பி, "ஒரு எட்டு வந்து நீயே பாத்துட்டுப் போ. பழனி தெரியுதா இல்லையான்னும் சொல்லு" என்றார். விளம்பரத்தைப் படித்தபோது என் முகம் போன போக்கை அவர் அன்றே கவனித்திருக்கிறார்.

அடுத்த வாரம் அலுவலகக் கேமராவோடு போனேன். போய் இறங்கும்போதே மூடுபனி. எதிரில் நின்ற வேலியே பாதிதான் தெரிந்தது. அக்கா சோறு போட்டார், மாசிக் கருவாடு இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பல் வைத்தார். "எங்கம்மா தேயிலைத் தோட்டத்து லயத்துல கத்துக்கிட்டது" என்றார். சாப்பிட்டேன். மூடுபனி. காபி குடித்தேன். மூடுபனி. அவருடைய கணவர் வேலை முடிந்து வந்து, என்னைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, கொல்லைப்பக்கம் போய்விட்டார். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கீழிருந்து காற்று ஏறி, பனியை ஒரு ஓரமாக ஒதுக்கியது. ரொம்பக் கீழே சமவெளி, இரண்டு மூன்று குளங்களின் மினுக்கம், நடுவில் பட்டாணி அளவில் ஒரு மேடு.

என் ஊரை நான் அதற்கு முன் மேலிருந்து பார்த்ததே இல்லை. அங்கே எங்கள் கடை இருக்கிறது, அப்பா அந்நேரம் பக்தர்களுக்குத் தேங்காய் பழத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். நான் படம் எடுக்க மறந்து நின்றுவிட்டேன்.

"எடு தங்கச்சி, மூடிரும்" என்றார் அக்கா.

எடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் தேறியது.

மறுநாள் அலுவலகத்தில் பார்த்தால் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஒரு இலவச சாஃப்ட்வேரில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்தேன். முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, நானே என் கையால் ஏற்றினேன்.

நிராகரிக்கப்பட்டது.

அந்த சாஃப்ட்வேர் வெளிச்சத்தைக் கூட்டியதோடு, படத்துக்குள் இருந்த தேதி, மணி, மாடல் அத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டது. தேதி இல்லாத படத்தைச் சேர்க்காதே என்று புரோகிராமுக்குச் சொல்லிவைத்தவள் நான்தான்.

முதலாளி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ நேத்துப் போனதுக்குச் சாட்சி இருக்காம்மா?" என்றார்.

அன்றே உட்கார்ந்து மாற்றினேன். ஃபைல் வகையைச் சோதிக்கும் பகுதியை அப்படியே விட்டேன். அதில் ஒரு தப்பும் இல்லை. தேதிச் சோதனை மட்டும் இனி யாரையும் வெளியே தள்ளாது. தேதி பழையதாகவோ, இல்லாமலோ, பகல் படத்தில் நள்ளிரவு மணியாகவோ இருந்தால் 'இந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், போன் செய்கிறோம்' என்று கறுப்பு எழுத்தில் வரும். அக்கா கொண்டுவந்த வீட்டுப் படமும் நான் எடுத்த பழனிப் படமும் வெப்சைட்டில் ஏறின. கொஞ்ச நாளில் மதுரையிலிருந்து முதல் குடும்பம் வந்து தங்கியது. மூன்று நாளும் மூடுபனி, பழனி தெரியவே இல்லை, ஆனாலும் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்களாம். சம்பல் காரணமாக இருக்கலாம்.

'போன் செய்கிறோம்' என்று எழுதியபோது, செய்யப்போவது யார் என்று நான் யோசிக்கவில்லை. முதலாளி யோசித்துவைத்திருந்தார். அதன் பிறகு என் பாதி வேலை போனில்தான் போயிற்று. மலையில் பாதிப் பேரின் கேமராவுக்குத் தேதி சரியில்லை. ஒரு தேதியைக் கேட்கப் போய், வீடு கட்டிய கதை, பாகப் பிரிவினை, மாமியாரின் முட்டிவலி வரைக்கும் கேட்டேன். பெருமாள்மலைப் பெரியவர் ஒருவர், "தேதி எதுக்குத் தாயி? படத்துல பிளம்ஸ் மரத்துல பூ இருக்கா, காய் இருக்கா, அதச் சொல்லு, எந்த மாசம்னு நான் சொல்றேன்" என்றார்.

பூ இருக்கிறது என்றேன். தயங்காமல் மாசத்தைச் சொன்னார். எந்த வருஷத்துப் பூ என்று கேட்டேன். "சோலி கெடக்கு" என்று போனை வைத்துவிட்டார்.