பிரஷர் செவ்வந்தி

காட்டுநெல்லிப்பாக்கத்தில் வந்து செவ்வந்தி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரஷர் செவ்வந்தி என்று கேட்டால் உத்திரமேரூர் பஸ் கண்டக்டர்கூடக் கை காட்டுவார். ஐம்பத்து நான்கு வயது. நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள், காலனியின் கடைசித் தெருக்காரி. நாலு வகை மாத்திரை விழுங்கியும் இருநூறுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ரத்த அழுத்தம் அவளுக்கு. ஊரார் அதை நோயாகப் பார்க்கவில்லை, பதவியாகப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால், "எனுக்குப் பிரஷர் கீது, எந்திரி" என்பாள். உட்கார்ந்திருப்பவர் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுவார். ரேஷன் கடை வரிசை தானாக விலகும். வரப்பில் நின்று தொணதொணக்கும் நிலக்காரர், அவள் இடுப்பை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொள்வார். இந்தம்மா இங்கே விழுந்துவைத்தால் ஆஸ்பத்திரிக்கு யார் ஓடுவது என்ற கவலை அவருக்கு. ஒரு வியாதியை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியவர் இந்தத் தாலுகாவில் வேறு யாரும் இல்லை.

ஒரே இடத்தில்தான் அது அவள் காலை வாரிவிடும். கடைசித் தெருவின் பதினான்கு வீட்டுக்கும் குடிநீர்க் குழாய் கிடையாது. குடத்தோடு தொட்டிவரை நடக்க வேண்டும். ஒவ்வொரு கிராம சபையிலும் செவ்வந்தி எழுந்து கேட்பாள். ஊராட்சிச் செயலர் வேதாசலம் எந்தப் பேச்சையும், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலை போட்டு ஊர்ச்சபை தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டிலிருந்து தொடங்குகிறவர். "கல்லுல எய்தனதெல்லாம் சரி நைனா, எங்க தெருவுக்குக் கொயா எப்போ வரும், அத்தச் சொல்லு" என்று அவள் குறுக்கே பாய்வாள். குரல் ஏறும். உடனே வேதாசலம் கனிவாக, "உக்காரும்மா, பிரஷர் ஏறிடப்போவுது" என்பார். சபையே சிரிக்கும். குழாய்ப் பேச்சும் அந்தச் சிரிப்போடு முடிந்துவிடும்.

ஜூன் மாதம், வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் ஜெயப்பிரியா, அளவைப் பார்த்துப் பயந்துபோய்ச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். மாத்திரைக்கு மசியாத ரத்த அழுத்தத்துக்கு, கழுத்து நரம்பில் லேசாகக் கரண்ட் கொடுக்கும் கருவி ஒன்றை அங்கே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தியின் அக்கா கனகா இதே பிரஷரில் நாற்றங்காலிலேயே விழுந்து ஒரு பக்கம் விளங்காமல் போனவள். அந்தப் பயத்தில்தான் செவ்வந்தி சம்மதித்தாள்.

டாக்டர் இரண்டு முறை பொறுமையாக விளக்கினார். பின்னால் வந்த டோக்கன்காரர் முன்னால் நுழைகிறாரா என்று காவல் பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தியின் காதில் கரண்ட், செட்டிங் என்ற இரண்டு சொல்தான் விழுந்தது. புண் ஆறியதும் செட்டிங் பண்ணுவோம் என்றார் டாக்டர். மிஷின் வைத்த அன்றே ஓடத் தொடங்கிவிடும், பிறகு டிவி சத்தம் மாதிரி கூட்டிக் குறைப்பார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டில் அதிகம் வாய் திறக்காத அவள் புருஷன் எல்லப்பன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

"ரிமோட்டு எங்க கையில குடுப்பீங்களா சார்?"

ஜூலைக் கடைசியில், காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவியை வைத்து, அதிலிருந்து கழுத்துக்கு ஒரு ஒயர் இழுத்துத் தைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவள் பசுவாகிவிட்டாள். கோபம் தலைதூக்கினால் கழுத்தில் சுருக்கென்று கரண்ட் இழுப்பதுபோல் இருக்கும், அடங்கிப்போவாள். எல்லப்பனுக்குச் சொர்க்கம். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, குழம்பு நன்றாக இல்லை என்று துணிந்து சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸில் அவள் நின்றுகொண்டே போனாள். மிஷின் வெச்சதும் பிரஷர் அவுட்டு என்று ஊர் பேசிக்கொண்டது. அவளுக்குத்தான் சந்தேகம். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று கோபத்தைப் பிடுங்கிவிட்டார்களோ?

ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில் வேதாசலம் வாசித்தார். கடைசித் தெருக் குழாய் அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படுமாம். எல்லாத் தலையும் செவ்வந்தி பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயந்தரம் குடத்தோடு கூட நடந்த பக்கத்து வீட்டுச் செல்லாயி, "நீயே கம்முனு குந்திக்கின. இனிமே நமக்கு யாரு கேப்பாங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செவ்வந்தி வீட்டுக்கு வந்து அழுதாள்.

மாதக் கடைசியில் செட்டிங்குக்குப் போனார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, "இன்னைக்குத்தாம்மா ஆன் பண்ணப்போறோம்" என்றார்.

"அப்போ இத்தினி நாளு?"

"ஆஃப்லதான் இருந்துச்சு. புண்ணு ஆறணும்னு சொன்னேனே."

செவ்வந்தி எல்லப்பனைப் பார்த்தாள். எல்லப்பன் ஃபேனைப் பார்த்தான்.

"அப்போ என் கோவத்த யாரு சார் அடக்குனது?"

"நீங்களேதான். இந்த மிஷின் கோபத்தத் தொடாது. கோபம் வேற, பிரஷர் வேற. வாயே திறக்காத சாதுவுக்கும் இருநூறு இருக்கும்." டாக்டர் மூன்றாம் முறையாக விளக்கினார். "கழுத்துல ஒரு நரம்பு இருக்கு. தொட்டி நிறைஞ்சிருச்சு, மோட்டாரை நிறுத்துன்னு மூளைக்குச் சொல்றது அதோட வேலை. உங்களுக்கு அது சொல்றது மேல எட்டல. இந்தக் கரண்ட் அதை விடாம சொல்லவைக்கும்."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல கீறவங்க காதுல வுழற வரிக்கும் சொல்லிக்கினே இருக்கணும். என் வேலையத்தான் அதுவும் பாக்குது."

திரும்பும் பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. இத்தனை வருஷம் அவள் கேட்ட நியாயத்துக்கெல்லாம் ஊர் பிரஷர் என்று பேர் வைத்துவிட்டது. ஒரு பஸ் சீட்டுக்காக அவளும் அந்தப் பேரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

அக்டோபர் இரண்டு. கிராம சபைப் பந்தலில் ஜெயப்பிரியாவும் மேஜை போட்டு எல்லாருக்கும் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி முதல் ஆளாகக் கையை நீட்டினாள். நம்பாமல் இரண்டு முறை பார்த்துவிட்டு, ஜெயப்பிரியா சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வேதாசலம் குடவோலையை முடிக்கும்வரை செவ்வந்தி காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கடைசித் தெருவுக்கு இந்த வருசமே கொயா வேணும். தீர்மானம் எய்து நைனா."

"உக்காரும்மா, பிரஷர்..."

அவள் நடந்துபோய்ச் சீட்டை அவர் முன்னால் வைத்தாள். "நூத்தி முப்பத்தெட்டு. நீயே படி. பிரஷர் எறங்கிப்போச்சு. இது கோவம்."

யாரும் சிரிக்கவில்லை. வேதாசலம் பழக்கதோஷத்தில் சிரிப்பை எதிர்பார்த்துப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். பின்வரிசையில் எல்லப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். சபையில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அவ சொல்றத எய்துங்க சார்" என்றான்.

செல்லாயி எழுந்தாள். பதினான்கு வீடும் எழுந்தது. வேதாசலம் நோட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.