கட்டைவிரல் கூசும்போது

எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அத்தாவின் வலது கட்டைவிரலால். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்டு, சாயம் போட்டு, காய்ந்து வந்த தோல்களை நீண்ட மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தா ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓர் இழு இழுப்பார். இது ஷூவுக்கு, இது பைக்கு, இது கையுறைக்கு, இது ஒன்றுக்கும் ஆகாது. கண்ணால் பார்த்துச் சொல்ல அங்கே பலர் இருந்தார்கள். தொட்டுச் சொல்ல அவர் ஒருவர்தான். தெருவில் அவரை 'செலக்‌ஷன் பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

சுனாமிக்கு அடுத்த கோடை விடுமுறையில், நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தபோது, மாமா மலேசியாவிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி அவர். அம்மாவுக்குத் தைலம், எனக்கு நான்கு நிறத்தில் எழுதும் பேனா, அத்தாவுக்கு ஒரு கைலி என்று கடமையை மளமளவென்று முடித்துவிட்டு, தனக்கென்று கொண்டுவந்ததைக் கடைசியாகப் பிரித்தார். ஒரு தூண்டில் கம்பும் அதற்கொரு ரீலும். அங்கே லீவு நாளில் அவருக்கு இதுதான் வேலையாம். "இதுக்கா கப்பலேறிப் போனே?" என்று அம்மா கேட்டாள். மாமா போனது விமானத்தில். அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

அந்த ரீல் கம்பின் மேல்பக்கம் சோப்பு டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் நூல் சுற்றிய உருளை விடுபடும். அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கம்பைப் பின்னால் சாய்த்து வீச வேண்டும். வீசும்போது விரலை லேசாக விட வேண்டும், ஆனால் முழுக்க எடுத்துவிடக் கூடாது. நுனியில் கட்டிய குண்டு போகும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றினால், நூல் வெளியே போகாமல் உள்ளேயே பொங்கிச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் அதற்குக் குருவிக்கூடு என்று மாமா பெயர் வைத்திருந்தார். ஆக, மொத்த வித்தையும் கட்டைவிரலில்தான் இருந்தது.

மொட்டை மாடியில் மாமா நான்கு முறை வீசிக் காட்டினார். முள் கிடையாது, நுனியில் ஓர் ஈயக்குண்டு மட்டும். மூன்று முறை அழகாகப் போய் மாடியின் அந்தக் கோடியில் விழுந்தது. நான்காவது முறை எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கி அந்த வீட்டுக்காரரின் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது. அதோடு மாமா வாணியம்பாடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார். அவர் ஊருக்கு வந்ததே அதற்காகத்தான். கம்பு எங்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது.

அதை அத்தா எடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேரம் போர்டைக்கூடத் தொடாத மனிதர். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் டீயைக் குடித்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். குண்டை எடுத்து வருவதும் சிக்கெடுப்பதும் என் வேலை. இடுப்பு வரை தலைமுடி வைத்திருந்த எனக்குச் சிக்கெடுக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பத்து முறை வீசினால் பத்து கூடு. முதல் நாள் போகட்டும் என்று விடலாம், ஒரு வாரம் கழித்தும் அதே கதைதான். அத்தா சலித்துக்கொள்ளவே இல்லை. ஒன்றுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. குண்டு எங்கே போய் விழுகிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. வீசும்போதெல்லாம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீ ஒருக்கா போடு" என்று ஒருநாள் கம்பை என்னிடம் கொடுத்தார். மூன்று நாள் நானும் கூடு கட்டினேன். நாலாவது நாள் எனக்கு வந்துவிட்டது. குண்டு விர்ரென்று போய் அந்தக் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் 'டங்' என்று மோதியது. உருளையில் ஒரு இழைகூட எழும்பவில்லை.

அத்தா என் பக்கத்தில் வந்து குந்தினார். "எப்ப அமுக்கணும்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"விரல் கூசுது அத்தா. சுத்துறப்போ கூசிக்கிட்டே இருக்கும். குண்டு கீழ இறங்குறப்போ அந்தக் கூச்சம் மாறும். அப்போ அமுக்கிடணும்."

"எங்க கூசுது? நுனியிலயா?"

"இல்ல, நடுவுல. இந்த இடத்துல."

அவருடைய விரலில் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தை இன்னொரு கை விரலால் தேய்த்துப் பார்த்தார். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். "நேத்தே சொல்லிக்குடுத்தேன்ல, கவனம் எங்க இருக்கு?" என்று எங்கள் கணக்கு டீச்சர் குரலில் அதட்டினேன். அத்தா சிரித்தார். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

அந்த வாரம்தான் ஒருநாள், மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் அத்தா திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. எதையோ எதிர்பார்க்கிற மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். உருகிய மெழுகு விரல்மேல் வழிந்து உறைந்தது.

"சுடலையா அத்தா?"

"இல்லம்மா." சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லிடாதே. பயந்துடுவா."

மறுநாள் விரலில் கொப்புளம் இருந்தது. நான் வாக்குத் தவறவில்லை. உள்ளுக்குள் ஒரே பெருமை. நெருப்பு சுடாத அத்தா எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது.

அதே சமயத்தில் கம்பெனியில் ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. கையுறைக்கான தோலில் கனத்த தோல் கலந்திருந்ததாம். சாப்பிடும்போது அத்தா இதைச் சொன்னார். "யாரு கலந்தாங்களாம்?" என்று அம்மா கேட்டாள். "தெரியல, பாத்துக்கினு இருக்காங்க" என்றார். தெரியாது என்று சொன்ன மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லையோ என்று அம்மா கவலைப்பட்டாள்.

மாமா பெண்ணை முடிவுசெய்துவிட்டு வெற்றியோடு திரும்பினார். வீட்டில் பிரியாணி. அத்தாவின் மேனேஜரும் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பெருநாளைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தவறவிடமாட்டார், எனக்குப் பேனா பாக்ஸெல்லாம் வாங்கித் தந்திருக்கிறார். பீரோ ஓரம் நின்ற தூண்டிலைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் காரிலேயே கேளம்பாக்கம் போவது என்று அங்கேயே முடிவானது.

"கடல் பக்கம்னா வேணாம்" என்றாள் அம்மா.

"அது உப்பங்கழி அக்கா. கடல் இல்ல."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

அம்மா சமாதானமாக ஒரு நாள் பிடித்தது.

அத்தா வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். நான்தான் விடவில்லை. நான் வீசுவதை நான்கு பேர் பார்க்க வேண்டும் என்பது என் கவலை.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மாமா முதலில் வீசினார், பிறகு மேனேஜர். மேனேஜருக்கும் இரண்டு கூடு விழுந்தது, மூன்றாவது ஓரளவு போனது. அடுத்து அத்தா கையில் கம்பைத் திணித்தார்கள். வீசினார். கூடு. நான் ஓடிப்போய்ச் சிக்கெடுத்தேன். மறுபடியும் கூடு. கொஞ்ச தூரத்தில் வலையோடு நின்றிருந்த ஒரு ஆள், "இன்னா பாய், நூலு நூத்துக்கினு கீறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார்.

மூன்றாவது தடவையும் அதுவே ஆனதும் மாமா, "மச்சான், குருவிக்கூடு கட்டுறதுல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல" என்றார்.

"என்ன பாய், மேசையில ராஜா, தண்ணியில கூஜாவா?" என்றார் மேனேஜர்.

அத்தா கம்பை என்னிடம் நீட்டினார். இத்தனை நாள் நான் காத்திருந்தது அந்தக் கணத்துக்குத்தான். வீசினேன். குண்டும் முள்ளில் கோத்திருந்த இறாலும் மாமா வீசியதைத் தாண்டிப்போய் விழுந்தன. மாமா கைதட்டினார். வலைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். "உங்க அத்தாவுக்குக் கொஞ்சம் கத்துக்குடும்மா, மனுஷன் பொழைச்சுப் போகட்டும்" என்றார் மேனேஜர்.

நான் அத்தாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அது வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அவரை இவர்கள் மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் சத்தமாகவே சொன்னேன்.

"அத்தாவுக்கு எல்லாம் தெரியும். கட்டைவிரல்லதான் ஒண்ணும் தெரியாது. நெருப்பு வெச்சாக்கூட சுடாது. மெழுகுவத்திய வெறும் கையால அணைப்பாங்க, கொப்புளமே வந்துது. வேணும்னா பாருங்க."

அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் அத்தா சொல்லியிருந்தார். மேனேஜரிடம் சொல்லாதே என்று சொல்லவில்லையே.

மாமா சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்படியா பாய்?" என்று மட்டும் கேட்டார். "சின்னப் புள்ள, ஏதோ பேசுது" என்று சொல்லிவிட்டு, அத்தா கம்பை என்னிடமிருந்து வாங்கி ரீலின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். தூண்டில் கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார். நான்தான் போதும் அத்தா என்று சொல்ல வேண்டியிருந்தது.

மாமாவுக்கு ஒரு கெளுத்தி கிடைத்தது, அவ்வளவுதான். வெறும் கையோடு போகக் கூடாது என்று கேளம்பாக்கம் மார்க்கெட்டில் கொடுவா மீன் வாங்கிக்கொண்டு, நாங்களே பிடித்ததாக அம்மாவிடம் சொல்லச் சொன்னார்கள். அந்த ரகசியத்தை நான் பத்திரமாகக் காப்பாற்றினேன்.

அதற்கடுத்த நாள் கம்பெனியில் என்ன நடந்தது என்பது பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேனேஜர் சில தோல் துண்டுகளை மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கனம் சொல்லச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அளக்கிற கருவியை வைத்துக்கொண்டு அவரே சரிபார்த்திருக்கிறார். அத்தாவுக்குப் பாதிக்குமேல் தப்பு. மேனேஜர் கண்கலங்கியதாக அம்மா சொன்னாள். இருக்கும். வேலையைவிட்டு அனுப்பவில்லை, குடோனில் கட்டுகளை எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். தெருவில் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் செலக்‌ஷன் பாய் என்றே கூப்பிட்டார்கள். பிறகு வெறும் பாய் ஆனார்.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கையைக் காட்டினோம். மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டிருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனில் சரியாகியிருக்கும் என்றார். ஏன் அப்போதே காட்டவில்லை என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்னு இருந்தேன். தானா சரியாப் போயிடும்னு நெனச்சேன்" என்றார் அத்தா. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கேளம்பாக்கத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசியதில்லை. மெழுகுவத்தி விஷயத்தை அன்றே நான் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் பயந்திருப்பாள்தான். பயந்து, மறுநாள் காலையிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பாள். சொல்ல வேண்டியவளிடம் வாயை மூடிக்கொண்டிருந்து, சொல்லக் கூடாதவரிடம் போய்ச் சொன்னேன். இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் மனசு ஆறுவதில்லை.

ஆனால் அத்தாவை குடோனுக்கு மாற்றிய அந்த வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். குடோன் வேலை நாலரைக்கே முடிந்துவிடும். அத்தா வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். மாமா மலேசியாவுக்குத் திரும்பும்போது, "உனக்குத்தான் கை வருது, வெச்சுக்கோ" என்று கம்பையும் ரீலையும் எனக்கே கொடுத்துவிட்டார். சாயங்காலமானால் அத்தாவை மாடிக்கு இழுத்துக்கொண்டு போவேன். அவர் கம்பைத் தொடமாட்டார். தொட்டி ஓரமாக உட்கார்ந்து, வலது கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் வீசுவதைப் பார்ப்பார். இந்த முறை குண்டையும் பார்க்கமாட்டார், தன் விரலையும் பார்க்கமாட்டார். என் விரலைத்தான் பார்ப்பார்.

"கூசுதா?" என்பார்.

"கூசுது அத்தா."

"இப்பவும்?"

"இப்பவும்."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அத்தா."

ரீல் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த வீச்சுக்குப் பொத்தானை அமுக்கினேன்.