மூலையில் புதைந்த கரணை

கொத்தனார்களுக்குள் அவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, ரசமட்டம் என்று பெயர். விருந்துக்குப் போனாலும் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துச் சாய்வு பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பத்தடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஏறியிருந்தாலும் முகம் கோணிவிடும்.

இருபத்தாறு ஆண்டுகளாகத் தரை போடுகிறவர், முதன்முதலாகப் போட்ட தரையைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அது அக்கா வீட்டுக் கார் ஷெட். மறு வருடமே ஒரு மூலை இறங்கி, நடுவில் விரிசல் ஓடிவிட்டது. காரை விற்ற பிறகு அக்கா அந்த மூலையில் பழைய பீரோவை நிறுத்தி மறைத்துவிட்டாள்.

அந்தத் தரை போட்ட நாளில்தான் சாந்து பூசும் அவருடைய புதுக் கரணை காணாமல் போனது. அக்காவின் கணவர்தான் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று அன்று சொன்னவர், அதை மாற்றிக்கொள்ளவே இல்லை. மச்சானும் விடவில்லை. இவர் வீட்டுக்கு வந்தால், "பையில இருக்கறத எண்ணிப் பாத்துக்கோ மாப்ளே, திருடன் வீடு" என்பார்.

அக்காவின் பிழைப்பு எம்பிராய்டரி மிஷின். அது இருக்கும் வாடகைக் கடையை இப்போது இடிக்கப்போகிறார்கள். பன்னிரண்டு நாளில் மிஷின் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். தரை ஆடினால் ஊசி உடையும், பூ கோணும்.

"மேலால ஒரு பூச்சு பூசி மட்டம் பண்ணிக் குடுடா, போதும்" என்றாள்.

ரசமட்டம் பீரோவை நகர்த்திவிட்டு, இரும்புக் கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். கணீர், கணீர். மூலைக்கு வந்ததும் டொப்.

"என்ன மாப்ளே, தரைக்கு நாடி பாக்கறியா?" என்றார் வாசலில் நின்ற மச்சான்.

ரசமட்டம் அக்காவிடம் திரும்பினார். "மூலைய உடைக்கணும்க்கா. அடியில வெறும் காத்து. மேல பூசினா ரெண்டு மாசத்துல மிஷினோட இறங்கும்."

"நாள் எங்கடா இருக்கு? எந்தப் புண்ணியவான் போட்ட தரை இது?"

"நான்தான்க்கா. அடி மண்ண ஒழுங்கா இடிச்சு இறுக்காம போட்டேன்."

இதை அவர் வாயால் அக்கா கேட்பது இதுதான் முதல் தடவை.

"சரி, உடை."

காங்கிரீட்டுக்குக் கீழே அரைச்செங்கல்லும் இடிக்காத மண்ணும் பொலபொலவென்று கிடந்தன. ஒரு முழம் தோண்டியதும் மண்வெட்டி இரும்பில் பட்டது. கைப்பிடி இற்று, துருவேறிய கரணை. அவசரத்தில் மண்ணோடு சேர்த்து அவரே மூடியிருக்கிறார்.

அதை எடுத்துக்கொண்டு நேராக மச்சானிடம் போனார். மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் நான் திருடன்."

"தப்பு என் மேலதான் மச்சான். மன்னிச்சிடுங்க."

"தரை நல்லா நின்னிருந்தா திருடனாவே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்ற மச்சான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இந்தத் தடவ மண்ண நான் இடிக்கறேன். நீ கையில இருக்கற சாமானயெல்லாம் குழிக்கு மேல வை."

மண்ணைப் போட்டு நனைத்து, அரை அடிக்கு ஒரு தரம் இடித்து இறுக்கினார்கள். மூலைக்குக் காங்கிரீட் போட்டார்கள். மற்ற இடத்தைக் கொத்தி, எண்ணெய்க் கறையைச் சுரண்டி, கழுவி, புதுப் பூச்சு ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் தடவினார் ரசமட்டம். இரண்டு குழாய்களை மட்டத்தில் படுக்கவைத்து, நடுவில் கலவை கொட்டி, குழாய்களின் மேல் பலகையை இழுத்துப் புதுத் தளத்தைச் சமன் செய்தார். மழைத்தண்ணீர் வெளியேற வாசல் ஓரம் மட்டும் சிறு சரிவு. வேலை நாலு நாளில் முடிந்தது. ஈரச் சாக்கு ஏழு நாள் கிடந்தது. காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்தது மச்சான்.

பன்னிரண்டாம் நாள் மிஷின் அந்த மூலையிலேயே ஏறி நின்றது. ரசமட்டம் அதன் பலகை மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தார். அக்கா மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் மேலாகச் சிலிர்த்தது, டம்ளர் நகரவில்லை. முதல் பூ வட்டம் பிசகாமல் விழுந்தது. ரசமட்டம் இன்னும் குனிந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தது போதும்டா" என்று அக்கா அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, அடுத்த பூவுக்கு நூல் மாற்றினாள்.