பைப் நழுவவில்லை

கடல் கடந்த சோலோன் பேட்டையில் ஒரு சந்து முனையில் ஹமீதா பானுவும் புருஷன் முத்தலிப்பும் வாடகைக்கு எடுத்து நடத்திய கடையில் ஒரே வேலைதான்: கார்களுக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுவது. முத்தலிப்புக்குக் கைத்திறன் உண்டு, பொறுமை கிடையாது. ஒரு வாடிக்கையாளரின் பல்லை உடைத்த அன்று, கடைக்குச் சொந்தக்காரராக மாடியில் குடியிருந்த கடைக்காரம்மா சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை யாரையாவது அடித்தால் கடையைக் காலி செய்ய வேண்டும்.

2008 மழைக்காலத்தில் துவான் என்கிற டாக்சிக்காரன் வந்தான். கடல் ஏறித் தெருவுக்குள் வரும் நாட்களில் உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டி. ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டு ஒன்று துளையோடு துருப்பிடித்து இறுகியிருந்தது.

"ஏங்க, நட்டை முழுசா எடுக்காதீங்க. நுனிக்கு மட்டமா நின்னா நுனி நசுங்காது, தீ காட்டிட்டு அடிப்போம்" என்றாள் ஹமீதா.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, போல்ட்டு நுனியில் சம்மட்டியால் அறைந்தான். இருபது அடி, முப்பது அடி. வண்டி ஜாக்கியில் ஆடியது. நுனி நசுங்கிக் காளான்போல விரிந்தது. இனி அது துளைக்குள் போகாது.

துவான் சிரித்தான். "அண்ணே, அதைக் கழட்டுறீங்களா, கொலை பண்றீங்களா?"

முதல் குத்து வாயில் விழுந்தது, அடுத்தது வயிற்றில். துவான் டயர்கள்மேல் சரிந்தான். முத்தலிப் ஸ்பானரில் மாட்டித் திருகும் இரும்புப் பைப்பை ஓங்கினான். ஹமீதா அதன் மறுமுனையைப் பிடித்துத் தொங்கினாள். தோள்பட்டை விண்ணென்று இழுத்தது; விடவில்லை.

சத்தம் கேட்டுக் கடைக்காரம்மா இறங்கி வந்தார். "இவன் வாயில என்ன ரத்தம்?"

துவான் தன் வண்டியைப் பார்த்தான். ஒரு சக்கரம் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அதை இன்றைக்குள் பூட்டித் தர முத்தலிப்பை விட்டால் ஆளில்லை.

"பைப் நழுவிடுச்சும்மா" என்றான் துவான்.

முத்தலிப் வேகமாகத் தலையாட்டினான்.

அதே பொய்யை ஹமீதாவும் சொல்லியிருக்கிறாள்: புருவத்தில் தையல் போட்ட டாக்டரிடம் ஒரு தடவை, வீங்கிய கன்னத்தைப் பார்த்துக் கேட்ட மகளிடம் இரண்டு தடவை.

"நழுவலம்மா. இவர்தான் அடிச்சார்" என்றாள்.

"மாசக் கடைசியோட காலி பண்ணுங்க." கடைக்காரம்மா திரும்பி நடந்தார்.

"பாவி, சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி!" முத்தலிப்பின் கை உயர்ந்தது.

"அடிங்க. அவங்க இன்னும் படியிலதான் இருக்காங்க."

கை இறங்கியது.

துவானுக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். விரிந்த நுனியை அறுத்தாள். பிரேக் குழாய்க்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, போல்ட்டைச் சுற்றியிருந்த இரும்பைச் சூடாக்கினாள். ஐந்தாவது அடியில் போல்ட்டு மறுபக்கம் போய் விழுந்தது.

"மாசக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு" என்றாள் புருஷனைப் பார்க்காமல். "அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழட்டுங்க."