தூங்கியதும் உருவ வேண்டிய ஷால்

எங்கள் பாப்பாவுக்கு என்னைவிட என் ஷாலைத்தான் அதிகம் பிடிக்கும். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட காட்டன் ஷால், துவைத்துத் துவைத்து நைந்துபோனது. பால் குடிக்கும்போது அதன் ஓரத்தை விரல்களுக்குள் சுருட்டிக்கொள்வாள். மூக்கில் வைத்துத் தேய்ப்பாள். கண் தானாகச் செருகிவிடும். பிரசவ விடுப்பு முழுக்க இதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். விடுப்பு முடியும் நேரத்தில்தான் அதுவே கவலையாகிப்போனது.

நான் ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவருக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம், எனக்கு அருப்புக்கோட்டை. பாகலூர் சாலையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மதிய ஷிஃப்ட் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் தன் பஸ்ஸில் ஏறுவார். தெருமுனையிலேயே பாப்பா கைமாறுவாள். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தடுப்பூசிக்குப் போனபோது ஷால் கதையை டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வயசு ஆகுற வரைக்கும் தூங்குற எடத்துல துணி, தலகாணி, பொம்மை எதுவும் இருக்கக் கூடாதும்மா. மூஞ்சி மேல விழுந்தா அதுக்குத் தள்ளிவிடத் தெரியாது. மல்லாக்கப் படுக்க வைங்க. ஷால் வேணும்னா தூங்குற வரைக்கும் கையில குடுங்க, பக்கத்துலயே இருங்க. தூங்குனதும் எடுத்துருங்க."

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து துணியை உருவிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொஞ்சம் அவசரப்பட்டால் வீடே அதிரும்.

கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் அக்காவுக்கு வேறு கவலை. தோட்டத்தில் தக்காளியும் ரோஜாவும் பயிரிடும், தெலுங்கு பேசும் குடும்பம். எங்களிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். "இந்தக் குளுருல போர்வை இல்லாம கொழந்தையப் போட்டுகீறியே, இது நல்லா இருக்குதா?" என்று கம்பளியோடு மாடியேறி வந்தார். கம்பளியை வாங்கி என் மேல் போர்த்திக்கொண்டு, பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டையும் பேண்ட்டும் மாட்டிக் காட்டினேன். முதுகைத் தொட்டுப் பார்த்தார், கதகதப்பாக இருந்தது. தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். எனக்குத் தெலுங்கு தெரியாதது இரண்டு பேருக்குமே நல்லது.

நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பித்தது. காலையில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரர் ஷாலை உருவும்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டாள். தெருமுனையில் அவளை என் கையில் கொடுக்கும்போது மனிதர் ஓய்ந்துபோயிருப்பார். "உன் ஷாலு இருக்குதே, அது ஷாலு இல்ல, பிரேக் ஷூ, புடிச்சா விட மாட்டேங்குது" என்று ஒருநாள் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நான் சிரித்தேன். இவர் ஏதாவது கண்டுபிடிக்கப் போகிறார் என்று அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஃபிட்டர் மூளை சும்மா இருக்காது. அவர்கள் கம்பெனியில் ஒரு பாகம் நகர்ந்து தொல்லை கொடுத்தால், அதை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஜிக் செய்துவிடுவார்கள். வீட்டிலும் அதையே செய்தார். மறுநாள் டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நாலு பக்கமும் தடுப்பு வைத்த மரக்கட்டிலில் பாப்பா மல்லாந்து தூங்குகிறாள். என் ஷால் பக்கத்துத் தடுப்பில் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. மிச்சம் தொங்கி, அவள் தோள் மேலாக வந்து, நுனி அவள் கைக்குள் இருக்கிறது. "இனி வழுக்கி மூஞ்சி மேல வராது. லாக் பண்ணிட்டன் பாரு" என்று அவர் குரல். அதில் அத்தனை பெருமை.

வீடியோவின் கடைசியில் பாப்பா தலையைத் திருப்பினாள். ஷாலும் கழுத்தோடு சேர்ந்து திரும்பியது.

டீயை அப்படியே வைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. பாப்பா முழித்துவிடுவாள் என்று போனைச் சைலண்டில் போடுவது அவர் வழக்கம். உடனே கீழ்வீட்டு அக்காவுக்கு அடித்தேன். "அக்கா, மேல ஓடுங்க. பாப்பா கழுத்துகிட்ட ஷாலு இருக்கு, எடுத்துவிடுங்க" என்றேன். ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் அவர் படியேறும் சத்தம் கேட்டது, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பாப்பா வீறிட்டாள். எனக்கு உயிர் வந்தது. 

அக்காவின் போன் வீட்டுக்காரர் கைக்குப் போனது. "இப்பதான தூங்குச்சு, ஏன் எழுப்பிவிட்ட? நான் பக்கத்துலதான உக்காந்துனு இருக்கறன்?"

"ஒரு நிமிசம் அசந்துட்டீங்கன்னா?"

அவர் பாப்பாவைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. நான் விடவில்லை.

"உங்க கம்பெனியில லேத் பக்கத்துல இப்படி ஷாலத் தொங்கவிடுவீங்களா?"

"அது சுத்துற மெஷினு."

"இதுவும்தான் உருண்டு உருண்டு சுத்துது. முதல்ல அதக் கழட்டுங்க."

கட்டர் வைத்து கேபிள் டையை வெட்டும் சத்தம் போனிலேயே கேட்டது. அன்று தெருமுனையில் பாப்பாவைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. அவருக்கும் என் அளவுக்குப் பயம் பிடித்திருந்தது தெரிந்தது. எனக்கு அவர் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு அவர் ஜிக் எதுவும் செய்யவில்லை. பாப்பா நன்றாக அசரும்வரை தட்டிக்கொடுப்பார். பிடி தளர்ந்ததும் விரல் விரலாக விடுவித்து ஷாலை எடுத்து அலமாரியில் வைப்பார். வெறும் கை காற்றில் எதையோ தேடும். அதற்குள் தன் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு, அவளாக விடும்வரை கட்டிலை ஒட்டிக் குந்தியிருப்பார். சோறு வடிக்காமல் கிடக்கும், துணி ஊறியபடி இருக்கும். அதற்கு நான் தனியாகத் திட்டுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கத்துக்கு நான் அவளைப் படுக்க வைத்தேன். ஷாலைக் கையில் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். மூக்கில் தேய்த்துக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பாடினேன், தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பைக் துடைத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பேசாமல் கட்டைவிரலை நீட்டினார். பாப்பா அதைப் பற்றிக்கொண்டு இரண்டு முறை விசும்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஷால் என் மடியில் கிடந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. கட்டிலில் அவளைத் தவிர ஒரு துணி இல்லை, மூச்சு சீராக ஏறி இறங்கியது. இதற்காகத்தானே இத்தனை சண்டையும் போட்டேன்.

அவர் மெதுவாக விரலை உருவப் பார்த்தார்.

"எடுக்காதீங்க" என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."