வேனுக்குப் பின்னால ஒரு அடுப்பு

டூர் வேன்ல சமையலுக்குப் போறவளுக்கு எந்த ஊருக்குப் போனாலும் தெரியிறது அங்க இருக்குற தண்ணிக் குழாய் மட்டுந்தான். மத்த அழகெல்லாம் போயிட்டு வந்தவங்க வாயால கேட்டுக்க வேண்டியதுதான். இந்தப் பொழப்புல வெந்தவங்க யாராச்சும் படிச்சா சிரிக்காதீங்க தாயி, உங்க கதையும் இதுதானே!

வீட்டுக்காரரு போனப்புறம், தொண்ணூறுகள்ல, திண்டுக்கல்ல இருந்து கெளம்புற வேன்லயெல்லாம் நான்தான் சமையல். ஒரு தடவையாச்சும் யாரு கூடயாவது போயி, ஒரு எடத்த நின்னு பாக்கணும்னு அம்புட்டு ஆசை எனக்கு.

ராமேஸ்வரத்துக் கடலு

நத்தத்து மாந்தோப்புக்காரங்க குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குக் கத்திரிக்கா ஆகாது, தனிக் கொழம்பு வைக்கணும். அவங்களுக்கும் மருமகளுக்கும் கத்திரிக்காயாலயே ஒரு சண்டை... அது பெரிய கதை, விடுங்க. கோயில் முடிஞ்சு எல்லாரும் தனுஷ்கோடிக்கு ஜீப் ஏறுறாங்க. கரண்டியக் கீழ வச்சுட்டு, "நானும் செத்த நேரம் வாரேனே"ன்னேன்.

பெரியம்மா ஜீப்புல இருந்தே திரும்பிச் சொன்னாங்க: "நீயும் வந்துட்டா, பசியோட வர்ற புள்ளைகளுக்கு யாரு தாயி சோறு போடுவா? கடலு எங்க ஓடிரப்போகுது!"

கொடைக்கானல்ல ஒரு போட்டோ

இவங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக் காய்கறி வியாபாரிங்க. தக்காளி எப்பிடி வெட்டணும்னு எனக்கே பாடம் எடுப்பாங்க! மேகம் எறங்கி ஒண்ணும் தெரியலைன்னு திட்டிக்கிட்டே திரும்பி வந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசம், பொய் சொல்வானேன்.

சாப்பிட்டு முடிச்சு, "எல்லாரும் வாங்க, போட்டோ"ன்னாரு ஒருத்தரு. நானும் கைய முந்தானையில தொடச்சு, முடியக் கோதிக்கிட்டு ஓடுனேன். கேமராவ என் கையில குடுத்துட்டு அவரு சொன்னாரு: "ஏனுங்கம்மா, அந்த அடுப்பு மட்டும் தெரியாம எடுங்க, படமே கெட்டுப்போயிருமுங்க."

கிரெனடா அருவி

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் மக செல்வி கிரெனடாவுக்குப் போயிட்டா. கிரிக்கெட்காரங்க ஊரு இருக்குல்ல, அந்தப் பக்கத்துல ஒரு தீவு. மாப்பிள்ளை டாக்டர் காலேஜுல வாத்தியாரு. பிரசவத்துக்குப் போனேன். நம்ம பிரியாணிக்குத் துளி சேக்குற ஜாதிக்கா அங்க மரத்தடியில சும்மா கெடக்கு! அத அதிசயமாப் பக்கத்து வீட்டம்மாட்ட தமிழ்லயே சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டுக் கதவச் சாத்திக்கிச்சு. அப்புறம் செல்வி வேலைக்குப் போக, எனக்கு அந்த ஊரு தோது தெரியாதுன்னு புள்ளையக் காப்பகத்துல விட, பகலெல்லாம் நானும் செவுருந்தான்.

"எங்களுக்கு லீவு இல்லம்மா, டிரைவரோட நீயே சுத்திப் பாத்துட்டு வா"ன்னு ஒரு வேனுல ஏத்திவிட்டா. கோட்டை, பீரங்கி, கண்ணாடியாட்டம் கடலு. எல்லாம் பாத்தேன். "இங்க பாரேன்"னு சொல்லத்தான் ஆளில்ல.

அருவிக்கு வந்தோம். பாதையில பாதி தூரம் போயித் திரும்பிப் பாக்குறேன், டிரைவரு வேன் நெழல்ல டயருல சாஞ்சு ஒக்காந்திருக்கான். நரைச்ச தலை, மடியில சாப்பாட்டு டப்பா. அந்த ஒக்காருற தோரணை எனக்குத் தெரியாதா? திரும்பி வந்து, "கம், கம்"னு கூப்பிட்டேன். அவன் வேனக் காட்டித் தலைய ஆட்டுனான். நான் திண்டுக்கல்காரியாச்சே, பூட்டிட்டு வாடா அப்புன்னு கையாலயே சாவியத் திருகிக் காட்டுனேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சான்.

ரெண்டு பேரும் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னோம். என் நெஞ்சத் தொட்டு, "ஃபர்ஸ்ட் டைம்"னேன். அவன் தொப்பியக் கழட்டி, அருவிய அண்ணாந்து பாத்துக்கிட்டே சொன்னான்: "மை ஃபர்ஸ்ட் டைம் டூ, மம்மி."

இம்புட்டுக் கடலத் தாண்டிப் போயும் எனக்குத் தொணைக்குக் கெடைச்சது எங்க தொழில்காரன் ஒருத்தன்தான், அவனுக்கும் தமிழ் தெரியல.